காஞ்சிபுரத்துக்கு யுவான் சுவாங் எதற்காக வந்தார்? நாம் மறந்துபோன ஒரு காஞ்சி எழுத்தாளரின் கதை

வெளிநாட்டில் வேலை பார்க்கும் காஞ்சிபுரத்துப் பிள்ளைகள் லீவுக்கு வந்து திரும்பும் நாளில், வீட்டில் ஒரு சின்னத் தகராறு நடக்கும். பெட்டியைத் தராசில் தூக்கி வைப்பார்கள். அனுமதி 23 கிலோ. தராசு 26 காட்டும். எதை வெளியே எடுப்பது? பட்டுப்புடவை கண்டிப்பாகப் போகணும். வத்தல், பருப்புப்பொடி, ஊறுகாய் பக்கம் கையை நீட்டினால் அம்மா விடமாட்டார். கடைசியில் பெட்டியிலிருந்து இறங்குவது புத்தகங்கள்தான். "அது இங்கதானே இருக்கப்போகுது, அடுத்த தடவை எடுத்துக்கோ."

புத்தகம் எங்கேயும் போகாது, எப்போது வேண்டுமானாலும் திரும்ப வந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது நம் ஊர்களில் ஊறிப்போன நம்பிக்கை. காஞ்சிபுரத்தின் சொந்த வரலாறு இதற்கு நேர் எதிரான ஒரு கதையைச் சொல்கிறது. காஞ்சியில் பிறந்த ஓர் அறிஞரின் நூல்கள் இன்று காஞ்சியில் இல்லை. இந்தியாவில் எங்குமே மூல வடிவில் கிடைக்கவில்லை. அவற்றில் முக்கியமான சில இன்னமும் வாசிக்கக் கிடைக்கின்றன என்றால், 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பல ஆண்டுகள் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் புத்தகப் பைத்தியம்தான் காரணம். அவர் பெயர் நமக்குத் தெரியும். ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ, வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியில் வந்து போவார்: யுவான் சுவாங், சீன யாத்திரிகர்.

"யாத்திரிகர்" என்ற அந்தச் சொல்தான் நம்மைக் கொஞ்சம் திசைதிருப்பிவிட்டது என்று நினைக்கிறேன். யாத்திரிகர் என்றதும் குளத்தில் முழுக்கு, கோயிலில் கும்பிடு, அப்புறம் ஊர் திரும்புதல் என்றுதான் மனதில் ஓடும். புனிதத் தலங்களை அவர் தரிசித்தது உண்மை. ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பியதற்குக் காரணம் ஒரு புத்தகம். யோகாசாரம் என்ற பௌத்தத் தத்துவப் பிரிவின் பெருநூலான 'யோகாசார பூமி' அன்றைய சீனாவில் முழுசாகக் கிடைக்கவில்லை. கிடைத்த மொழிபெயர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. ஒரு ஆசிரியர் ஒன்றைச் சொன்னார், அடுத்தவர் வேறொன்றைச் சொன்னார். முழு மூலத்தையும் கையில் வைத்துப் படித்துவிட வேண்டும் என்று 629ஆம் ஆண்டு வாக்கில் அவர் சாங்கானிலிருந்து, அதாவது இன்றைய சியான் நகரிலிருந்து கிளம்பினார். அப்போது நாட்டை விட்டு வெளியேறத் தடை இருந்தது. இன்றைய பேச்சில் சொல்வதென்றால் பாஸ்போர்ட், விசா இரண்டும் இல்லாமல், இரவில் ஒளிந்து ஒளிந்து எல்லை தாண்டியவர். திரும்பி வந்தது 645இல். அப்போது 20 குதிரைகள் சுமந்து வந்த 520 கட்டுகளில் 657 நூல்கள் இருந்தன.

இடையில் ஒரு சுவையான தகவல், பட்டு ஊர்க்காரர்களுக்காக. பயணத்தின் தொடக்கத்தில், மத்திய ஆசியாவில் இருந்த தூர்ஃபான் பகுதியின் அரசர் அவருக்கு 20 ஆண்டுச் செலவுக்கு ஆகும் என்று பொன்னும் வெள்ளியும் கொடுத்தார். கூடவே 500 சுருள் பட்டு. வழியெல்லாம் பட்டுதான் பணம்.

அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது?

யுவான் சுவாங்கைப் பற்றி நமக்கு இரண்டு முக்கியமான நூல்கள் இருக்கின்றன. ஒன்று, திரும்பி வந்ததும் பேரரசர் தாய்சோங் கேட்டுக்கொண்டதற்காக 646இல் முடித்த 'மேற்கு நாடுகள் பற்றிய குறிப்பு'. அரசு அறிக்கை மாதிரி இருக்கும் அது. நாட்டின் சுற்றளவு, தலைநகரின் அளவு, மண், மழை, மக்கள் குணம், மடங்கள் எத்தனை, கோயில்கள் எத்தனை என்று வரிசையாகப் போகும். இன்னொன்று, அவருடைய மாணவர் ஹுய்லி எழுதிய வாழ்க்கை வரலாறு. மனிதர் என்ன சாப்பிட்டார், எங்கே அழுதார், யாரோடு வாக்குவாதம் செய்தார் என்பதெல்லாம் தெரிய இதைத்தான் படிக்க வேண்டும். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் முதல் நூலோடு நின்றுவிடுகின்றன. அதனால்தான் அவர் நமக்கு ஒரு புள்ளிவிவரக்காரராகவே தெரிகிறார்.

ஹுய்லியின் நூலைப் படித்தால் வேறொரு ஆள் தெரிவார். காஷ்மீரில் இரண்டு ஆண்டுகள் தங்கினார். அங்கே அரசர் அவருக்குச் செய்த உதவி என்ன தெரியுமா? நூல்களைப் படியெடுத்துக் கொடுக்க 20 எழுத்தர்களை அமர்த்தினார். ஒரு புத்தகப் பிரியருக்கு இதைவிட நல்ல விருந்தோம்பல் இருக்க முடியுமா? ஜெராக்ஸ் கடையையே வீட்டுக்குள் வைத்துக் கொடுத்த மாதிரி.

பிறகு நாளந்தா. அங்கே அவருக்குக் கிடைத்த தினசரிப் படியின் பட்டியல் அப்படியே பதிவாகியிருக்கிறது: எலுமிச்சை வகைக் கனி 120, பாக்கு 20, ஜாதிக்காய் 20, கொஞ்சம் கற்பூரம், ஓர் அளவு மகாசாலி அரிசி. மாதாமாதம் எண்ணெய், தினமும் நெய். அந்த 120 கனிகள் உண்மையில் வெற்றிலைதான் என்று மொழிபெயர்த்தவர்களும் உண்டு. பாக்கு, ஜாதிக்காய், கற்பூரம் மூன்றும் வரிசையாக வரும் இடத்தில் வெற்றிலை இல்லாமலா என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. மடத்து வேலைகளிலிருந்து விலக்கு. பணிவிடைக்கு ஆட்கள். வெளியே போக யானை. மகாசாலி அரிசியைப் பற்றி ஹுய்லி தனியாக நிறுத்திச் சொல்கிறார்: கறுப்பு அவரை விதை அளவுக்குப் பெரிய மணி, சோறு வடித்தால் மணக்கும், மகதத்தைத் தவிர வேறெங்கும் விளையாது. சீனாவுக்குத் திரும்பி எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் அந்தச் சோற்றின் மணத்தைப் பற்றி மாணவர்களிடம் பேசியிருக்கிறார் என்றுதானே இதற்கு அர்த்தம்? வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு சோறு உண்டு.

இவ்வளவு வசதிக்கும் நடுவில் அவர் செய்த வேலை ஒன்றுதான். சீலபத்திரர் என்ற முதிய ஆசிரியரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். ஆசிரியருக்கு அப்போது வயது 106 என்கிறது சீன மரபு. வயதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. எந்த நூலைத் தேடி வந்தாரோ அந்த யோகாசார பூமியை அவரிடம் மூன்று முறை முழுசாகக் கேட்டார்.

இந்தச் சீலபத்திரரின் ஆசிரியர்தான் காஞ்சிபுரத்துக்காரர். தர்மபாலர்.

வெளியூர்ப் பயணமா, குருவின் குருவின் ஊரா?

யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தது 640ஆம் ஆண்டு வாக்கில். அவருடைய முதல் திட்டம் இலங்கைக்குப் போவது. அங்கே யோகாசார நூல்களில் தேர்ந்தவர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். வங்கத்துத் துறைமுகத்தில் கப்பலேறிவிடலாம் என்று இருந்தவரைத் தென்னிந்தியத் துறவி ஒருவர் தடுத்தார்: அவ்வளவு தூரம் கடலில் போகாதீர்கள், தெற்கே தரைவழியாக இறங்குங்கள், அங்கிருந்து மூன்று நாள்தான் கடல் பயணம். அப்படித்தான் ஒடிசா, ஆந்திரம் வழியாகக் காஞ்சிக்கு வந்து சேர்ந்தார்.

வந்தால், இலங்கையே அவருக்கு எதிரில் நின்றது. அரசர் இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சம், குழப்பம், இந்தியாவில் சோறு கிடைக்கும் என்று வந்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு சுமார் 300 துறவிகள் அங்கிருந்து காஞ்சிக்கு வந்திருந்தார்கள். அந்தக் கடலைத் தாண்டி அடைக்கலம் தேடி வருவது 20ஆம் நூற்றாண்டில் தொடங்கியதல்ல. "உங்கள் ஊர் அறிஞர்களைப் பார்க்கத்தான் கிளம்பினேன்" என்கிறார் இவர். "எங்களைவிடப் பெரிய அறிஞர்கள் இப்போது அங்கே இல்லை, எதுவானாலும் எங்களிடமே கேளுங்கள்" என்கிறார்கள் அவர்கள். யோகாசார நூலிலிருந்து கடினமான பகுதிகளை எடுத்துப்போட்டுக் கேட்கிறார். அவர்கள் சொன்ன விளக்கம் சீலபத்திரரைத் தாண்டவில்லை என்று முடிவு செய்கிறார். இலங்கைப் பயணம் அதோடு கைவிடப்படுகிறது. தேடியது நூலும் விளக்கமும்தான். அது இல்லை என்று தெரிந்ததும் கப்பல் ஏற வேண்டிய அவசியம் போய்விட்டது.

காஞ்சியைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு சுருக்கமானது. தலைநகரின் சுற்றளவு 30 லி, நம் கணக்கில் ஏறக்குறைய பத்துப் பதினைந்து கிலோமீட்டர். நிலம் வளமானது, வெயில் கடுமை, மக்கள் துணிச்சலானவர்கள், கல்வியை மதிப்பவர்கள். நூற்றுக்கு மேல் பௌத்த மடங்கள், பத்தாயிரத்துக்கு மேல் துறவிகள். எண்பதுக்கு மேல் மற்றச் சமயக் கோயில்கள், சமணர்கள் ஏராளம். இன்று நாம் பார்க்கும் காஞ்சி அவர் கண்ணில் படவே இல்லை. கைலாசநாதர் கோயில் எழும்ப இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகணும். ஏகாம்பரநாதர் கோயிலின் பெரிய ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் காலத்தது. அரியணையில் இருந்தவர் நரசிம்மவர்ம பல்லவர், மாமல்லர். வாதாபிக்குப் படை கிளம்ப ஓரிரு ஆண்டுகளே இருந்த நேரம். கல்கி 'சிவகாமியின் சபத'த்தில் யுவான் சுவாங்கை ஒரு பாத்திரமாகவே கொண்டுவந்து நிறுத்தியது சும்மா இல்லை.

அந்தக் குறிப்பில் ஒரு வரி தமிழர்களைக் கொஞ்சம் உறுத்தும். இந்த நாட்டின் மொழியும் எழுத்தும் மத்திய இந்தியாவிலிருந்து சற்றே வேறுபடும் என்கிறார். சற்றே! இதைச் சொல்லி அவரைத் திட்டுவது எளிது. எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. அவர் சமஸ்கிருதத்தில் புலமை பெற்றவர். காஞ்சியில் அவர் பழகியதெல்லாம் சமஸ்கிருதத்தில் வாதாடக்கூடிய துறவிகளோடு. தெருவில் பேசிய மொழி அவருக்குத் தேவைப்படவே இல்லை. அதே தலைமுறையில்தான் அப்பர் காஞ்சி ஏகம்பத்தைத் தமிழில் பாடியிருக்கிறார். இந்த ஊரில் என்ன மொழியில் என்ன நடக்கிறது என்றே அறியாமல் ஒரு பேரறிஞர் இங்கே தங்கிவிட்டுப் போயிருக்கிறார். பெர்லினிலோ டோக்கியோவிலோ ஐந்து வருஷம் ஆங்கிலத்தை வைத்தே ஓட்டிவிட்டு, "ஊர் நல்ல ஊர்தான்" என்று சொல்லும் நம் ஆள்களுக்கும் அவருக்கும் இந்த ஒரு விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. புத்தகம் தேடி வந்தவருக்குத் தன் துறையின் புத்தகம் மட்டுமே கண்ணில் பட்டது.

ஆனால் ஒருவரை அவர் தவறவிடவில்லை. காஞ்சியைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக எழுதிய அதே குறிப்பில், இது தர்மபாலர் பிறந்த ஊர் என்று நின்று கதை சொல்கிறார். தர்மபாலர் இந்த நாட்டு அமைச்சர் ஒருவரின் மூத்த மகன். அறிவாளிப் பையன் என்பதால் அரசர் தன் மகளையே கட்டிக்கொடுக்க நினைக்கிறார். கல்யாணத்துக்கு முந்தைய இரவு, இவருக்கு அதில் துளியும் மனமில்லை. புத்தர் சிலை முன்னால் போய் வேண்டிக்கொள்கிறார். ஒரு தெய்வம் அவரைத் தூக்கிக்கொண்டு போய் எங்கோ தூரத்து மலைமடத்தில் இறக்கிவிடுகிறது. அங்கேயே துறவியாகிறார். தெய்வம் தூக்கிக்கொண்டு போனதா, அவரே ஓடிப்போனாரா என்பதை வாசகர்கள் முடிவு செய்துகொள்ளலாம். கல்யாண மண்டபத்திலிருந்து நாளந்தாவுக்குப் போன அந்த இளைஞர், பிற்பாடு அங்கே பேராசிரியராக விளங்கினார். இது 6ஆம் நூற்றாண்டுக் கதை. கதை சொல்பவர் அதற்கு நூறு ஆண்டுக்குள் வந்தவர், அவருடைய மாணவரின் மாணவர்.

என் பார்வையில், இலங்கைப் பயணம் கைகூடாமல் போனாலும் காஞ்சிப் பயணம் யுவான் சுவாங்குக்கு வீணாகவில்லை. தான் நாள்தோறும் படித்த உரைகளை எழுதியவர் எந்தத் தெருக்களில் நடந்தார் என்று பார்க்கப் போகிற வாசகர்கள் இன்றும் உண்டு. எட்டயபுரத்தில் பாரதி வீட்டைப் பார்க்கப் போவதும், காஞ்சியிலேயே அண்ணா நினைவு இல்லத்துக்குப் போவதும் இந்த ரகம்தான்.

தர்மபாலர் எழுதியது எங்கே போனது?

சிந்து நதியில் கொஞ்சம் போனது என்று தொடங்கலாம். 643 வாக்கில் ஊருக்குத் திரும்பும் வழியில், சிந்துவைக் கடக்கும்போது புயல் கிளம்பிப் படகு ஆட, 50 கட்டு நூல்களும் அவர் சேர்த்து வைத்திருந்த பூவிதைகளும் ஆற்றில் விழுந்தன. அவர் மனமுடைந்து நிற்கவில்லை. அங்கேயே ஐம்பது நாளுக்கு மேல் தங்கி, ஆள் அனுப்பித் தொலைந்தவற்றில் சிலவற்றுக்குப் படியெடுக்க வைத்தார். அப்புறம் மலைப்பாதையில் கொள்ளைக்காரர்கள் துரத்த, யானை தண்ணீரில் மூழ்கி இறந்தது. நூல்களைச் சுமக்க வாகனம் இல்லை. கோத்தானில் காத்திருந்தபடியே, அனுமதியின்றிப் போனதற்கு மன்னிப்புக் கேட்டுப் பேரரசருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்திலும் யானை போய்விட்டது, நூல்களைக் கொண்டுவர வண்டி குதிரை இல்லை என்ற கவலை இருக்கிறது. கூடவே பக்கத்து நாடுகளுக்கு ஆளனுப்பித் தொலைந்த நூல்களுக்குப் படி கிடைக்குமா என்று தேடினார்.

தேடல் அதோடு முடியவில்லை. ஊர் போய்ச் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 654இல், புத்தகயாவிலுள்ள மகாபோதி மடத்து நண்பர்களுக்கு அவர் எழுதிய பதில் கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர்கள் அங்கிருந்து கடிதத்தோடு ஒரு ஜோடி வெள்ளைப் பருத்தித் துணி அனுப்பியிருந்தார்கள், வெறுங்கையாக எழுதக்கூடாதே என்று. இவர் நன்றி சொல்லிவிட்டு, தன் ஆசிரியர் சீலபத்திரர் மறைந்த செய்தி கேட்டு வருந்திவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வருகிறார்: சிந்துவில் ஒரு பொதி நூல்கள் போய்விட்டன, பட்டியல் இணைத்திருக்கிறேன், யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்புங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், பத்து ஆண்டுகளுக்கு முன் ஆற்றில் போன புத்தகங்களை மறக்கவில்லை.

கொண்டுவந்தவற்றைப் பூட்டி வைக்கவும் இல்லை. அவற்றைப் பாதுகாக்க 652இல் சியானில் செங்கல் கோபுரம் எழுப்பினார்கள். பெரிய காட்டுவாத்துக் கோபுரம் என்ற பெயரில் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறார்களே, அதன் தொடக்கம் அதுதான். அடிப்படையில் ஒரு நூல் காப்பகம். 664இல் இறக்கும்வரை 19 ஆண்டுகள் மொழிபெயர்ப்புதான் வேலை. எழுபதுக்கு மேற்பட்ட நூல்கள், 1,335 சுருள்கள்.

அந்தச் சுருள்களுக்குள்தான் காஞ்சிக்காரர் இருக்கிறார். நாகார்ச்சுனரின் மாணவர் ஆரியதேவர் எழுதிய 'சதுச்சதகம்' என்ற நூலின் பிற்பாதிக்குத் தர்மபாலர் எழுதிய உரையை யுவான் சுவாங் 650இல் சீனத்தில் மொழிபெயர்த்தார். அதன் சமஸ்கிருத மூலம் அழிந்துவிட்டது. இன்று இருப்பது சீனம் மட்டுமே. அடுத்தது, வசுபந்துவின் முப்பது செய்யுள்களுக்குப் பத்து உரையாசிரியர்கள் எழுதியதைத் தொகுத்து, தர்மபாலரின் கருத்தையே முதன்மையாக ஏற்று, 659இல் அவர் உருவாக்கிய 'செங் வெய்ஷி லுன்'. சீனத்தில் ஒரு பெரிய தத்துவப் பள்ளிக்கே இதுதான் அடிப்படை நூல். அங்கிருந்து ஜப்பானுக்குப் போய், நாரா நகரத்து மடங்களில் இன்றுவரை மரபாகத் தொடர்கிறது. சீனத்தில் தர்மபாலருக்குப் பெயர் ஹூஃபா. தர்மத்தைக் காப்பவர் என்று அப்படியே மொழிபெயர்த்துவிட்டார்கள்.

இப்போது காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்று பத்துப் பேரிடம் "தர்மபாலர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் "போதிதர்மர் யார்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் வரும். '7ஆம் அறிவு' படம் வந்த 2011க்குப் பிறகு சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். போதிதர்மர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைப் பாரசீகத்தவர் என்கிறது, இன்னொன்று தென்னிந்திய அரசகுமாரர் என்கிறது. காஞ்சி என்ற ஊர்ப்பெயர் அவற்றில் கிடையாது, பிற்கால மரபில் சேர்ந்தது. தர்மபாலருக்கோ நேரில் ஊருக்கு வந்துபோன ஒருவரின் வாக்குமூலம் இருக்கிறது. நூல் இருக்கிறது. ஆனாலும் நாம் சண்டைக்கலை தெரிந்தவரைப் பிடித்துக்கொண்டோம், உரை எழுதியவரை விட்டுவிட்டோம். சினிமா எடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை என்றும் சொல்ல முடியாது, அந்தக் கல்யாண ராத்திரி ஒன்று போதாதா?

"அவர் எழுதியது சமஸ்கிருதத்தில். தமிழுக்கு அதில் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த அளவுகோலை எடுத்தால் மகேந்திரவர்மரின் 'மத்தவிலாசப் பிரகசன'த்தையும் விட்டுவிட வேண்டியிருக்கும், காஞ்சித் தெருவிலேயே நடக்கிற நாடகம் அது. (அதில் வருகிற ஒரு பௌத்தத் துறவி, கள்ளும் பெண்களும் கூடும் என்று சொல்லும் முழுமையான மூல நூல் எங்கோ இருந்திருக்கும், பொறாமைக்காரக் கிழவர்கள்தான் அந்தப் பகுதியை மறைத்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுவார். முழு மூலத்தைத் தேடி வந்த யுவான் சுவாங் அதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பாரா, தெரியாது.) காஞ்சியோடு சேர்த்துச் சொல்லப்படும் தண்டியையும் விட வேண்டும். அவருடைய அணியிலக்கணம்தான் நமக்குத் தண்டியலங்காரமாக வந்தது. மணிமேகலை தன் பயணத்தின் முடிவில் வந்து தருமம் கேட்பதும் இதே காஞ்சியில்தான். பல மொழிகளில் வாசித்த ஊர் அது. ஒரு மொழிக்குள் அடக்கினால் நஷ்டம் நமக்குத்தான்.

2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது யுவான் சுவாங்கின் பெயர் பல செய்திகளில் அடிபட்டது. காஞ்சிக்கும் சீனாவுக்கும் உள்ள உறவைப் பற்றிக் கட்டுரைகள் வந்தன. அந்த வாரம் முடிந்தது, பேச்சும் முடிந்தது. அரசியல் உறவு நன்றாக இருக்கும்போது மட்டும் தூசு தட்டி எடுக்கிற பெயராக அவர் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு நாடுகளும் முறைத்துக்கொண்டிருக்கிற காலத்திலும் தர்மபாலர் நம் ஊர்க்காரர்தான்.

இதில் செய்யக்கூடிய வேலை பெரிய செலவு பிடிப்பதும் அல்ல. சிலையோ மணிமண்டபமோ நான் கேட்கவில்லை. அந்த இரண்டு நூல்களும் தமிழில் வர வேண்டும், அதுவும் ஆங்கிலம் வழியாக வராமல் சீனத்திலிருந்து நேராக. சீனாவில் தமிழ் படித்தவர்கள் இருக்கிறார்கள். சீன வானொலி 1963லிருந்து தமிழில் ஒலிபரப்புகிறது, பெய்ஜிங்கில் பல்கலைக்கழக மாணவர்கள் தமிழ் கற்கிறார்கள். இந்தப் பக்கத்தில் பழஞ்சீனம் வாசிக்கத் தெரிந்த தமிழ் ஆய்வாளர்களை உருவாக்க நம் பல்கலைக்கழகங்கள் இரண்டு மூன்று உதவித்தொகைகளை ஒதுக்கினால் போதும். பத்து ஆண்டில் பலன் தெரியும். காஞ்சியிலிருந்து வெளிநாடு போய் அங்கேயே குடியேறிவிட்டவர்களில் புத்தகப் பிரியர்கள் இருக்கிறார்கள், ஊருக்கு ஏதாவது செய்யணும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை தருவதோடு இதையும் யோசிக்கலாம்.

மற்றவர்கள் எப்போதோ தொடங்கிவிட்டார்கள். பெல்ஜியத்து அறிஞர் லூயி த லா வாலே பூசின் 1920களின் கடைசியிலேயே செங் வெய்ஷி லுன்னைப் பிரெஞ்சில் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் 1973இலும் 1999இலும் வந்தது. ஆரியதேவர் நூலுக்கான தர்மபாலர் உரையின் இரண்டு அதிகாரங்களை டாம் டில்லமன்ஸ் ஆங்கிலத்தில் ஆக்க, அது 1990இல் வியன்னாவில் வெளியானது. காஞ்சியில் பிறந்த ஒருவர் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் படிக்கக் கிடைக்கிறார். தமிழில் தொடங்குவதற்கு எனக்குத் தோன்றும் நல்ல இடம் அந்த ஆரியதேவர் உரைதான். முழுக்க முழுக்க தர்மபாலரின் குரல், தொகுப்பில் கலந்ததல்ல. அளவிலும் பயமுறுத்தாது: சீனத்தில் பத்துச் சுருள்.